வீட்டு ஊடக வழங்கியும் அதைத் தொலைவிலிருந்து அடையும் பாதையும்

திருமண வீடியோ கேசட்டுகள், பின்னாளில் அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட டிவிடிகள், பல கைபேசிகளிலும் பென்டிரைவ்களிலும் சிதறிக் கிடக்கும் படங்கள், விலை கொடுத்து வாங்கிய திரைப்பட வட்டுகள், கச்சேரிப் பதிவுகள் என ஒரு வீட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவற்றையெல்லாம் ஒரே கணினியில் கோப்புகளாகத் திரட்டி, வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைபேசி, மடிக்கணினி ஆகிய எதிலிருந்தும் வேண்டியதை வேண்டியபோது பார்க்கும்படி அமைப்பதே வீட்டு ஊடக வழங்கி எனப்படுகிறது. வழங்கி, அதாவது சர்வர், என்பதற்குக் குளிரூட்டிய அறையும் அடுக்கடுக்கான இயந்திரங்களும் தேவையில்லை; கேட்கும் கருவிக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் வழங்கியே ஆதலால், ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். அமைப்பது எளிது, ஊரில் உள்ள அந்தக் கணினியை வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூர் சென்றவர்கள் அங்கிருந்தே அடையும்படி செய்வதிலும், அவர்களைத் தவிர வேறு எவரும் அடையாதபடி காப்பதிலும்தான் உண்மையான சிந்தனை தேவைப்படுகிறது.

மாதக் கட்டணத்தில் படங்களை வழங்கும் சேவைகள் மலிந்த காலத்தில் இவ்வளவு முயற்சி எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, அச்சேவைகளில் பயனருக்குக் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டுமே என்பதும், சேவை நிறுவனத்துக்கும் படத்தின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் அந்த உரிமமும் முடிந்துவிடும் என்பதும் ஆகும். முழு விலை கொடுத்து ‘வாங்கியவர்களும்’ இதற்கு விலக்கல்லர்: பிளேஸ்டேஷன் வழியாக விலை கொடுத்து வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகள் 2023ஆம் ஆண்டின் கடைசி நாளோடு வாங்கியவர்களின் தொகுப்பிலிருந்தே நீக்கப்படும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் சோனி அறிவித்தது, எதிர்ப்பு எழுந்த பின்னர் புதிய ஒப்பந்தம் ஒன்றின் மூலமே அம்முடிவு தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாவது விடை இதைவிட முக்கியமானது. எந்தச் சேவையிலும் கிடைக்காத குடும்பப் பதிவுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. காந்த நாடாவில் பதிந்த காட்சி காலப்போக்கில் மங்குகிறது, ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கிறது. அதைப் படிக்கும் விசிஆர் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தாத்தாவின் குரலும் நடையும் பதிந்த ஒரே நாடா பரண்மேல் இருக்குமானால், அதைக் கோப்பாக மாற்றும் வேலையைத் தள்ளிப்போட நியாயம் ஏதுமில்லை.

இப்பணிக்கான மென்பொருள்களில் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகிய மூன்றும் பரவலாக அறியப்பட்டவை. இவை மூன்றும் கோப்புறைகளை வாசித்து, படத்தின் பெயர், ஆண்டு, நடிகர்கள், சுவரொட்டி ஆகியவற்றை இணையத் தரவுத்தளங்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, அழகான பட்டியலாகத் திரையில் காட்டுகின்றன. யார் எந்தப் படத்தை எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. மூன்றிலும் பழக எளிதானது பிளெக்ஸ். ஆயினும் அதில் உள்நுழைவது அந்நிறுவனத்தின் கணக்கு வழியாகவே நடப்பதால், 2022 ஆகஸ்ட்டில் நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் அந்நியர் நுழைந்தபோது பயனர்கள் தங்கள் கடவுச்சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று. மேலும் 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து, தன் சொந்தக் கணினியில் உள்ள சொந்தக் கோப்பை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கும் பிளெக்ஸ் கட்டணம் கேட்கிறது. எம்பி தன் நிரல்மூலத்தை 2018 டிசம்பரில் மூடியபோது, அதுவரை திறந்திருந்த மூலத்தை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டம் ஜெல்லிஃபின். அதற்குக் கட்டணமில்லை, அதன் பயனர் கணக்குகள் வீட்டுக் கணினியிலேயே இருக்கின்றன, எந்த நிறுவனத்தின் அனுமதியும் அதற்கு வேண்டியதில்லை. குடும்பப் பதிவுகளைக் காக்க முனைபவருக்கு இந்தச் சுதந்திரம் சிறிய வசதியன்று என்பதால், இக்கட்டுரை ஜெல்லிஃபினையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

எந்தக் கணினியை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது டிரான்ஸ்கோடிங் என்ற ஒரு வேலைதான். வீடியோக் காட்சி அப்படியே சேமிக்கப்படுவதில்லை. கோடெக் எனப்படும் கணித முறையால் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகிறது. 2003இல் வெளியான எச்.264 முறையை ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும். அதே தரத்தைக் குறைந்த இடத்தில் தரும் 2013ஆம் ஆண்டின் எச்.265, 2018ஆம் ஆண்டின் ஏவி1 ஆகியவற்றைப் பழைய தொலைக்காட்சிகளும் சில உலாவிகளும் புரிந்துகொள்வதில்லை. கேட்கும் கருவிக்குப் புரியாத கோப்பாக இருந்தாலோ, இணையத்தின் வேகம் போதாமல் இருந்தாலோ, வழங்கி அந்தக் காட்சியை விரித்து, வேறு முறையில் மீண்டும் சுருக்கி, படம் ஓட ஓடவே அனுப்ப வேண்டும். இதுவே டிரான்ஸ்கோடிங், ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளே ஜெல்லிஃபினுக்குள் இருந்து இதைச் செய்கிறது. பொதுச் செயலியிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அது திணறிச் சூடாகும்; காட்சிச் சுருக்கத்துக்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் எளிதில் முடியும். இன்டெல் 2011இல் ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் அத்தகைய பகுதியைத் தன் செயலிகளில் சேர்த்தது. இதனால்தான், மலிவானது என்று பலரும் முதலில் நாடும் ராஸ்பெரி பை 5 இவ்வேலைக்குப் பொருந்துவதில்லை. காட்சியைச் சுருக்கும் வன்பொருள் பகுதி அதில் இல்லை. 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 செயலி கொண்ட உள்ளங்கை அளவுச் சிறுகணினி இதற்கு நன்கு பொருந்துகிறது. அதன் செயலியின் வடிவமைப்பு மின்திறன் 6 வாட்டுதான். ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துச் சராசரியாக 10 வாட் என்று கொண்டால், தமிழ்நாட்டில் மின்கணக்கு எடுக்கப்படும் இரண்டு மாத காலம் முழுவதும் அணைக்காமல் ஓடினாலும் 15 யூனிட்டுக்குள் அடங்கும்.

சப்டைட்டிலும் இந்த வேலையைத் தூண்டிவிடக்கூடும் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. புளூரே வட்டில் உள்ள சப்டைட்டில் எழுத்துகளாக இல்லாமல் சிறு படங்களாக இருக்கிறது. அதைக் காட்டத் தெரியாத கருவிக்காக வழங்கி அப்படத்தைக் காட்சியின்மீதே பதித்து முழுப் படத்தையும் மீண்டும் சுருக்குகிறது. தனிக் கோப்பாக உள்ள எழுத்துச் சப்டைட்டில் இத்தொல்லை தராது. ஆனால் தமிழுக்கு அது யூனிகோடில், யுடிஎஃப்-8 வடிவில் இருக்க வேண்டும். பழைய டிஸ்கி, டாப் போன்ற எழுத்துருக் குறிமுறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் திரையில் பொருளற்ற குறிகளாகவே தெரியும் என்பதால், அவற்றை முன்னதாகவே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. திரைப்படக் கோப்புறைக்குப் பெயரும் அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டும் இட்டால் போதும். ஒரே பெயரில் வெவ்வேறு காலங்களில் வந்த தமிழ்ப் படங்கள் பல இருப்பதால் ஆண்டை விட்டுவிடலாகாது. குடும்ப வீடியோக்களுக்கென்று தனித் தொகுப்பு ஒன்றை ஏற்படுத்தாவிட்டால், அத்தையின் வளைகாப்புப் பதிவுக்கு ஏதோ ஒரு படத்தின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் வீட்டுக்குள் முடிந்துவிடும். வெளியிலிருந்து அடைவதற்கு முதலில் முகவரி வேண்டும். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண் தேவை. பழைய நான்காம் பதிப்பில் இத்தகைய எண்கள் சுமார் 430 கோடி மட்டுமே. உலகப் பொதுத் தொகுப்பில் எஞ்சியிருந்தவை 2011 பிப்ரவரியில் மண்டலப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. இதன் விளைவாக இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கென 2012இல் தனி முகவரித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரியாகக் காட்டப்படும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றுடன் தொடங்கினால், அந்த வீடு அத்தகைய ஏற்பாட்டுக்குள் இருக்கிறது என்றும், வெளியிலிருந்து அதன் கதவைத் தட்டவே வழியில்லை என்றும் பொருள்.

தனிப் பொது முகவரி கிடைக்கும் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வழி போர்ட் ஃபார்வர்டிங். ஒரு முகவரியில் 65,535 போர்ட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வாசல் எண். ஜெல்லிஃபின் இயல்பாக 8096ஆம் வாசலில் காத்திருக்கும். அந்த எண்ணுக்கு வெளியிலிருந்து வருவதை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரூட்டரிடம் சொல்லிவிட்டால், உலகின் எந்த மூலையிலிருந்தும் திரைப்படப் பட்டியல் திறக்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் செய்யக்கூடாத வேலை. அந்த வாசல் குடும்பத்தாருக்கு மட்டும் திறப்பதில்லை. இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தையும் தட்டிப் பார்த்து எங்கே என்ன மென்பொருள் ஓடுகிறது என்று பட்டியலிடும் இயந்திரங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2009இல் தொடங்கிய ஷோடன் என்ற தேடுபொறி அந்தப் பட்டியலை வெளிப்படையாகவே வழங்குகிறது. மேலும் 8096ஆம் வாசல் வழியே செல்பவை மறையாக்கம் இல்லாமல், அதாவது இடையில் நிற்பவர் படிக்கக்கூடிய வடிவில், செல்கின்றன. விடுதி ஒன்றின் வைஃபையிலிருந்து உள்நுழையும்போது கடவுச்சொல்லும் அப்படியே செல்லும்.

படங்கள்தானே, போனால் போகட்டும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு அண்மைக் கால நிகழ்வுகள் இரண்டைச் சொல்லலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்ற வீட்டுச் சேமிப்புக் கருவிகள் நேரடியாக இணையத்தை நோக்கித் திறந்திருந்தன. 2015க்குப் பிறகு அவற்றுக்குப் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. 2021 ஜூனில் பல நாடுகளில் அவற்றை வைத்திருந்தோர் ஒருநாள் தங்கள் தரவு முழுவதும் துடைக்கப்பட்டிருக்கக் கண்டனர். எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளைக்குக் கடவுச்சொல் கேட்க வேண்டிய வரிகள் நிரலிலேயே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. மற்றது 2022இல் நடந்தது. கடவுச்சொற்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில், மிக முக்கியமான சாவிகளைக் கையாளும் உரிமை பெற்ற நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கணினியில் பிளெக்ஸின் பழைய பதிப்பு இருந்தது. அதிலிருந்த குறையை பிளெக்ஸ் 2020 மே மாதமே சரிசெய்து புதிய பதிப்பை வெளியிட்டிருந்தும், அந்தக் கணினியில் அது நிறுவப்படவில்லை. அந்தக் குறையின் வழியே நுழைந்தவர்கள் அவர் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் நிரலை வைத்து, தலைமைக் கடவுச்சொல்லைக் கைப்பற்றி, நிறுவனத்தின் காப்புப் பிரதிகள்வரை சென்றனர். பொழுதுபோக்குக்கான மென்பொருள் அலுவலக மடிக்கணினியும் வங்கிக் கணக்கைத் திறக்கும் கைபேசியும் இருக்கும் அதே வலைப்பின்னலில்தான் அமர்ந்திருக்கிறது. ஆபத்தை அளக்க வேண்டியது அங்கிருந்துதான்.

ஆகவே ஊடக வழங்கிக்கு வெளி வாசலே இருக்கலாகாது. வெளியூரில் உள்ளவரின் கருவியை மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாக வீட்டு வலைப்பின்னலுக்குள் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் அவர் வீட்டுக்குள் இருப்பவரைப் போலவே படம் பார்க்கும்படி செய்வதே சரியான முறை. இத்தகைய பாதைக்கு விபிஎன் என்று பெயர். இதற்கு இன்று கிடைக்கும் கருவிகளில் மிகச் சிறந்தது ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டு. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றுள்ளது. அதன் லினக்ஸ் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே. முந்தைய விபிஎன் மென்பொருள்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. ஒரு வல்லுநர் உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சோதிக்கக்கூடிய அளவே பாதுகாப்புக்கு முதல் துணை.

வயர்கார்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கென இரண்டு சாவிகளை உருவாக்கிக்கொள்கிறது: ஒன்று கருவியை விட்டு வெளியேறாத அந்தரங்கச் சாவி, மற்றது பிறரிடம் கொடுக்கக்கூடிய பொதுச் சாவி. வீட்டு வழங்கியிடம் குடும்பத்தார் ஒவ்வொருவருடைய கைபேசியின் பொதுச் சாவியும், கைபேசிகளிடம் வழங்கியின் பொதுச் சாவியும் பதிவு செய்யப்படுகின்றன, அவ்வளவே ஏற்பாடு. அறிந்த சாவியால் முத்திரையிடப்படாத செய்தி எது வந்தாலும் வயர்கார்டு பதிலே சொல்வதில்லை. மறுப்புக்கூடச் சொல்வதில்லை என்பதால், இணையத்தைத் தட்டிப் பார்க்கும் இயந்திரங்களுக்கு அங்கே ஏதேனும் இருக்கிறதா என்பதே தெரியாது. கைபேசி தொலைந்தால் அதன் பொதுச் சாவியை நீக்கிவிட்டால் போதும். மற்றவர்களின் அணுக்கம் பாதிக்கப்படாது. வீட்டு வலைப்பின்னலின் முகவரிகளுக்குச் செல்பவை மட்டும் சுரங்கப்பாதையில் செல்லட்டும், மற்றவை வழக்கம்போல் செல்லட்டும் என்று வரையறுக்கவும் முடியும் என்பதால், வெளியூரில் உள்ளவரின் அன்றாட இணையப் பயன்பாட்டுக்கு இது சுமையாவதில்லை.

ஆனால் வயர்கார்டுக்கும் வீட்டை அடைய ஒரு முகவரி தேவை. சிஜிநாட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அது கிடைக்காது. இதைத் தீர்க்க இரண்டு பாதைகள் உள்ளன. பழைய பதிப்பைப் போலன்றித் தட்டுப்பாடே இல்லாத அளவுக்கு முகவரிகளைக் கொண்ட ஐபி ஆறாம் பதிப்பு இந்தியாவில் பரவலாகக் கிடைக்கிறது. இரு முனைகளிலும் அது இருக்குமானால் வயர்கார்டுக்கென ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து நேரடியாக இணைக்கலாம். இல்லையெனில் 2019இல் கனடாவில் தொடங்கப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவை உதவும். வயர்கார்டையே அடித்தளமாகக் கொண்ட இதில், வீட்டுக் கணினியும் கைபேசியும் தாமாகவே வெளியே சென்று நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு வழங்கியிடம் பொதுச் சாவிகளைக் கொடுத்து ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பிறகு கூடுமானவரை நேரடியாகவே பேசிக்கொள்கின்றன. நேரடிப் பாதை அமையாதபோது நிறுவனத்தின் இடைநிலையம் வழியாகச் செய்தி செல்லும். அப்போதும் அந்தரங்கச் சாவிகள் கருவிகளிலேயே இருப்பதால் உள்ளடக்கத்தை நிறுவனம் படிக்க முடியாது, வேகம் மட்டும் குறையும். ரூட்டரில் எந்த வாசலையும் திறக்க வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இதுவே பொருத்தமானது. யார் இந்த வலைப்பின்னலில் சேரலாம் என்பதை அந்நிறுவனத்தின் கணக்கு தீர்மானிப்பதால், அக்கணக்கில் உள்நுழையப் பயன்படும் மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருந்தே ஆக வேண்டும். அந்த நம்பிக்கையும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஒருங்கிணைப்பு வேலையைத் தாமே நடத்திக்கொள்ள ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு.

தொலைக்காட்சிகளில்தான் சற்றுச் சிக்கல். ஆண்ட்ராய்டு டிவிக்கும் ஆப்பிள் டிவிக்கும் டெயில்ஸ்கேல் செயலி உண்டு. விபிஎன் செயலியை ஏற்காத தொலைக்காட்சிகளில் ஆண்ட்ராய்டு டிவி குச்சி ஒன்றைச் செருகிக்கொள்வது எளிய தீர்வு. வயதான பெற்றோரோ உறவினரோ வெளியூரில் இருந்து பார்ப்பதாயின், அவர்கள் கருவியில் இதை ஒருமுறை நேரில் சென்று அமைத்துக்கொடுத்துவிட வேண்டும். தொலைபேசியில் விளக்கிச் செய்யக்கூடிய வேலை அன்று. இதைத் தவிர்ப்பதற்காகச் சிலர் சொந்த இணையப் பெயர் ஒன்றைப் பதிந்து, கேடி போன்ற இடைநிலை மென்பொருளை முன்னிறுத்தி, லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழால் மறையாக்கம் செய்து, ஜெல்லிஃபினைப் பொது இணையத்தில் வைக்கின்றனர். கடவுச்சொல் திருட்டை அது தடுக்கும். மென்பொருளிலேயே ஒரு குறை இருந்தால் அதைத் தடுக்காது. ஒவ்வொரு புதுப்பிப்பையும் உடனுக்குடன் நிறுவும் பொறுமை உள்ளவர் தவிர மற்றவர்கள் அப்பக்கம் போகாதிருப்பதே நன்று.

வெளியூரில் படம் தடங்கலின்றி ஓடுவது, வீட்டு இணைப்பின் ஏற்று வேகத்தைப் பொறுத்தது. விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் இறக்க வேகம் இதற்கு உதவாது. வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் அனுப்பினால் கைபேசிக்கும் நடுத்தரத் திரைக்கும் போதிய தெளிவு கிடைக்கும். இரண்டு மணி நேரப் படத்துக்கு அது 4.5 ஜிபி ஆகும். கைபேசித் தரவில் பார்ப்பவர் இக்கணக்கை மனதில் வைத்து, பயனர் கணக்கிலேயே வேக உச்சவரம்பு ஒன்றை நிர்ணயித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள்ளும் சில ஒழுங்குகள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், நிர்வாகத்துக்கு மட்டும் பயன்படும் வேறொரு கணக்கும் இருக்க வேண்டும். ஜெல்லிஃபினுக்குக் கோப்புறைகளைப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால், அது தாக்கப்பட்டாலும் மூலக் கோப்புகள் அழியா. கருவிகள் தாமாகவே வாசல்களைத் திறந்துகொள்ள அனுமதிக்கும் யுபிஎன்பி என்ற வசதியை ரூட்டரில் அணைத்துவிட வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்த வட்டுகளைக் குடும்பம் பார்ப்பதும், ஊராருக்குப் படம் வழங்குவதும் ஒன்றாகா.

எஞ்சியிருப்பது ஹார்ட் டிஸ்க் என்றேனும் ஒருநாள் பழுதாகும் என்ற நிச்சயம். இரண்டு டிஸ்குகளில் ஒரே தகவலை எழுதும் ரெய்டு முறை, ஒரு டிஸ்க் பழுதானாலும் படம் ஓடிக்கொண்டிருக்க உதவும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிவதால் அதைக் காப்புப் பிரதியாகக் கொள்ள முடியாது. மின்தடையின்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகாமல் இருக்க, கணினியையும் ரூட்டரையும் சேர்த்துத் தாங்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும். கடையில் மீண்டும் கிடைக்கக்கூடிய திரைப்படங்களுக்கு இரண்டாம் பிரதி இல்லாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. குடும்பப் பதிவுகளுக்கோ வீட்டுக்கு வெளியே, வெள்ளமும் திருட்டும் ஒரே நேரத்தில் எட்டாத வேறோர் ஊரில், பிரதி இருந்தே ஆக வேண்டும். வெளியூரில் உள்ள அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒரு சிறுகணினியும் டிஸ்கும் வைத்து, படம் பார்ப்பதற்காக அமைத்த அதே சுரங்கப்பாதை வழியாக இரவுதோறும் புதிய கோப்புகள் அங்கே சென்று சேரும்படியும், இங்கே அழிக்கப்பட்டவை அங்கே உடனே அழியாமல் சில மாதங்கள் தங்கும்படியும் ஏற்பாடு செய்ய முடியும்.